சம்பந்தம் பேசக் கொடுக்கும் படம் எடுக்கிற விதம்
திருகோணமலையில இருபது வருசமாப் படம் எடுக்கிறன். வாற தாய்மார் முதல்ல சொல்லுறது, "தம்பி, பிள்ளையின்ர மூக்கைக் கொஞ்சம் கூராக்கி, நிறத்தையும் கூட்டி விடுங்கோ."

பிழை மூக்கில இல்லை, தூரத்திலதான். போனை முகத்துக்கு ஒரு அடியில பிடிச்சா மூக்கு ஏறக்குறைய 30 வீதம் அகலமாத் தெரியும். செல்பி வேண்டாம். தங்கச்சியிட்டப் போனைக் குடுத்து, ஐந்தடி தள்ளி நிண்டு, 2 மடங்கு சூமில எடுக்கச் சொல்லுங்கோ. பியூட்டி மோடை நிப்பாட்டுங்கோ, அது தாடையையும் ஒடுக்கிப்போடும்.

படம் எடுக்க இஞ்ச உப்புவெளிக் கடற்கரைக்குப் போறதெண்டா, அது கிழக்குப் பார்த்தது. எட்டு மணிக்கே வெயில் கண்ணைக் குத்தும், முகம் சுருங்கும். விடியச் சூரியன் ஏற முதல் போங்கோ, இல்லாட்டி வீட்டு விறாந்தை நிழலே போதும். பின்னால வெள்ளைச் சுவர் எண்டா, கறுத்தப் பிள்ளையின்ர முகத்தைப் போன் இன்னும் இருட்டாக்கும். திரையில முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டுங்கோ. அது நிறம் மாத்துறதில்லை, உள்ளதைக் காட்டுறது.

முந்தி ஒரு பிள்ளையை நானே வெள்ளையாக்கிக் குடுத்தனான். பெண் பார்க்க வந்த ஆக்கள், தேத்தண்ணி கொண்டுவந்தவளிட்டயே "பொம்பிளை எங்க?" எண்டு கேட்டவையாம். அதோட அந்த வேலையை விட்டிட்டன்.