முதலாண்டு மாணவருக்குக் கணக்கா, புள்ளியியலா: வகுப்பு பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் பிறந்தால் போதும், கோபி, ராசிபுரம், தாராபுரம் பக்கமிருந்தெல்லாம் பிள்ளைகள் டி.சி.யும் மார்க் ஷீட்டுமாகக் காலேஜுக்கு வந்துவிடுவார்கள். இவர்களில் யாரைப் பள்ளியில் விட்டுப்போனதை நிரப்பும் ப்ரிட்ஜ் கோர்ஸில் உட்கார வைப்பது, யாரை நேராக அலைடு மேத்ஸுக்கு, அதாவது துணைப்பாடக் கணக்குக்கு, அனுப்புவது, யாருக்குப் புள்ளியியல் ஒத்துவரும் என்று பிரிக்கிற வேலை பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர் தலையில்தான் விழும். நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே தவறுகளை இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். விண்ணப்பத்தில் குரூப் மாறிக் கிடப்பது, டைம்டேபிள் மோதுவது போன்றவற்றை ஆபீஸிலேயே யாராவது பிடித்துவிடுவார்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

சேர்க்கை அன்றே டெஸ்ட் வைப்பது

வேண்டாம். ஃபீஸ் கட்ட வரிசையில் நின்று களைத்துப் போனவர் எழுதும் விடைத்தாளை வைத்து எதையும் சொல்ல முடியாது.

பிளஸ் டூ மார்க்கை மட்டும் பார்ப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். 90க்கு மேலா, நேராக அலைடு. 60க்குக் கீழா, ப்ரிட்ஜ். எக்செல்லில் ஒரு சார்ட் போட்டு அரை மணி நேரத்தில் பட்டியலை ஒட்டிவிடுகிறார்கள். அந்த மார்க் எந்தப் பாடத்துக்கு வாங்கியது என்று யாரும் கேட்பதில்லை.

பிளஸ் டூ கணக்கில் 12 பாடங்கள். அணிகளில் தொடங்கி, கலப்பு எண்கள், வெக்டர், நுண்கணிதம் என்று போய் நிகழ்தகவுப் பரவலிலும் தனிநிலைக் கணிதத்திலும் முடியும். மார்க் ஷீட்டில் இருப்பது அந்த 12 பாடத்துக்கான மார்க். ஆனால் முதல் செமஸ்டர் அலைடில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்களைப் பாருங்கள்: பகுதிப் பின்னம், மடக்கை, அசமன்பாடு, ஈருறுப்புத் தேற்றம், தொடர்கள், எல்லை. அத்தனையும் பிளஸ் ஒன் சரக்கு.

நம் பக்கத்தில் பிளஸ் ஒன் எப்படி நடந்தது என்பது ஊரறிந்த விஷயம். 'பிராய்லர் பள்ளி' என்று பேரெடுத்த ஹாஸ்டல் பள்ளிகளில் இரண்டு வருஷமும் பிளஸ் டூ புத்தகம்தான். இதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. ஆனால் காலேஜ் சேர்க்கைக்குப் பிளஸ் டூ மார்க் மட்டும் போதும் என்று ஆனதும் அதன் பல் போய்விட்டது. 2025-26இலிருந்து அந்தத் தேர்வும் கிடையாது. ஆக, அந்த வருஷத்திலிருந்து பிளஸ் ஒன் படித்து வரும் பிள்ளைகளுக்கு அந்த வகுப்பு எப்படிப் போனது என்பதற்குப் பொதுத்தேர்வு மார்க் எதுவும் நம் கைக்கு வராது.

அப்படிப்பட்ட ஒரு பள்ளியிலிருந்து வந்த மாணவர் ஒருவர், கணக்கில் 97. தொகையிடல் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு போடுவார். ஒரு நாள் போர்டில் சின்னக் கேள்வி ஒன்று எழுதினேன்: ஓர் எண்ணின் வர்க்கம் 9-ஐவிடக் குறைவு, அப்படியானால் அந்த எண் எதற்குள் இருக்கும்? பையன் யோசிக்கவே இல்லை. 'எக்ஸ் < ±3' என்று எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். “சரி தம்பி, மைனஸ் 10 மூணைவிடச் சின்னதுதானே, அதோட வர்க்கம் என்ன?” என்றேன். நூறு என்றார். அப்புறம் தான் எழுதியதையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். மைனஸ் 3-க்கும் 3-க்கும் நடுவில் என்று சொல்ல ஒரு எண்கோடு தேவைப்பட்டது. “இதெல்லாம் பிளஸ் ஒன்ல நடத்துனாங்களா?” என்றதற்கு, “பிளஸ் ஒன்லயே பிளஸ் டூ புக்கு ஆரம்பிச்சுட்டாங்க சார்” என்றார், தப்பு தன்னுடையது மாதிரி.

அவரை ப்ரிட்ஜ் கோர்ஸுக்கு மாற்றலாம் என்றபோது அவருடைய அப்பா நேரில் வந்துவிட்டார். “ஏனுங்க சார், நூத்துக்குத் தொண்ணூத்தேழு வாங்குன பையனை எதுக்குங்க ஃபெயிலான பசங்களோட உட்கார வைக்கறீங்க?” அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, ஏனென்றால் பட்டியலை மார்க் வைத்துப் போட்டது நாம்தான். ப்ரிட்ஜ் என்றாலே மார்க் குறைந்தவர் இடம் என்று நாமே பெயர் வாங்கித் தந்துவிட்டு, அப்புறம் 97-ஐ அங்கே போகச் சொன்னால் எந்த அப்பா ஒப்புக்கொள்வார்? பையன் அலைடிலேயே இருந்தார். முதல் செமஸ்டரில் தொடர்கள் வந்த தாள் அரியர் விழுந்தது. அந்த ஒரு தாளைத் தூக்கிக்கொண்டே மூன்றாம் வருஷம் வரைக்கும் நடந்தார். கேம்பஸுக்கு வந்த கம்பெனி 'ஸ்டாண்டிங் அரியர் இருக்கக் கூடாது' என்றதும் வரிசையிலேயே நிற்க முடியவில்லை.

இதைச் சொல்லும்போதெல்லாம் யாராவது ஓர் இளைஞர், “அமெரிக்காவிலேயே வகுப்பு பிரிக்க வைக்கிற பிளேஸ்மென்ட் டெஸ்ட்டைக் கைவிட்டுப் பள்ளி மார்க்கைத்தான் சார் பார்க்கறாங்க” என்று மடக்குவார். உண்மைதான். கலிஃபோர்னியாவில் 2017இல் கம்யூனிட்டி காலேஜ்களுக்கு அப்படிச் சட்டமே போட்டார்கள். ஆனால் அவர்கள் பார்க்கும் பள்ளி மார்க் பல வருஷம், பல பாடம், வகுப்பு வேலை, ஹோம்வொர்க் எல்லாம் சேர்ந்த சராசரி. நாம் பார்ப்பது ஒரே புத்தகத்துக்கு, மார்ச் மாதத்தில் ஒரு காலைப்பொழுது எழுதிய தேர்வின் மார்க். இரண்டுக்கும் பெயர் மார்க் என்பதற்காக ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வைக்க முடியாது.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. வகுப்பு தொடங்கி ஒரு வாரம் கழித்து, பத்துப் பன்னிரண்டு கேள்வி. முக்கால்வாசி பிளஸ் ஒன் பாடங்களிலிருந்து. நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடு வகை வேண்டாம், படிகள் எழுதட்டும். மேலே சொன்ன பையனின் குறை படியில்தான் தெரிந்தது. மொத்த மார்க் போடாதீர்கள். எந்தப் பாடத்தில் ஓட்டை என்று மட்டும் குறியுங்கள். ப்ரிட்ஜ் கோர்ஸையும் பாடவாரியாகப் பிரித்தால், 97 வாங்கியவர் அசமன்பாட்டுக்கும் தொடர்களுக்கும் மட்டும் வந்துவிட்டுப் போவார். அப்பாவும் சண்டைக்கு வர மாட்டார்.

பிசினஸ் மேத்ஸ் படித்தவரைக் கணக்கு தெரியாதவராக எண்ணுவது

மேத்ஸ் டிபார்ட்மென்ட்காரர்களுக்கு இந்த அலட்சியம் கொஞ்சம் ரத்தத்திலேயே உண்டு. பிளஸ் டூ வணிகக் கணிதமும் புள்ளியியலும் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். தொகையிடல், வகைக்கெழுச் சமன்பாடு, எண்ணியல் முறைகள், பைனாமியல், பாய்சான், நார்மல் பரவல்கள், கூறெடுப்பு (சாம்ப்ளிங்), காலத்தொடர், குறியீட்டு எண், போக்குவரத்துக் கணக்கு எல்லாம் இருக்கின்றன. ஃபர்ஸ்ட் குரூப் பிள்ளைக்குப் பிளஸ் டூவில் கிடைப்பது நிகழ்தகவுப் பரவல் என்று ஒரே ஒரு பாடம். கூறெடுப்பு அவர் புத்தகத்தில் கிடையாது.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? காமர்ஸ் குரூப்பில் 61 வாங்கிய பெண்ணுக்குச் சராசரியிலிருந்து ஆரம்பிக்கிறோம். ஃபர்ஸ்ட் குரூப்பில் 95 வாங்கியவரை நேராக எடுகோள் சோதனைக்கு அனுப்புகிறோம். அந்தப் பெண் கொட்டாவி விடுகிறார், இவர் முழிக்கிறார்.

கணக்கே எடுக்காத பயாலஜிக்காரரை அதே ப்ரிட்ஜில் சேர்ப்பது

தாவரவியல், விலங்கியல் எடுத்துவிட்டு பி.சி.ஏ. வருபவர் கடைசியாகக் கணக்கு படித்தது பத்தாம் வகுப்பில். அவருக்கு மறந்ததை நினைவூட்டும் வகுப்பு உதவாது, முதலிலிருந்து சொல்லித்தரும் வகுப்பு வேண்டும். தனி செக்‌ஷன் போடுங்கள்.

அல்ஜீப்ரா தேறிய பிறகுதான் புள்ளியியல் என்பது

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் மூன்று கம்யூனிட்டி காலேஜ்களில் 2013இல் ஒரு சோதனை செய்தார்கள். அடிப்படை அல்ஜீப்ரா படித்தே ஆக வேண்டும் என்று ஒதுக்கப்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை வாராந்திர உதவி வகுப்போடு நேராகப் புள்ளியியலில் சேர்த்தார்கள். அவர்களில் சுமார் 56 சதவீதம் பேர் தேறினார்கள். வழக்கமான அல்ஜீப்ராவில் தேறியது சுமார் 39 சதவீதம். உதவி வகுப்போடு சேர்ந்து வந்த முடிவு இது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். 'கணக்கு வராதா, புள்ளியியலுக்குப் போ' என்று தள்ளிவிட இது லைசென்ஸ் இல்லை.

நம் ஊரில் இதற்கு வேறொரு வசதியும் இருக்கிறது. திருப்பூர்ப் பிள்ளைகளில் சிலர் லீவில் பனியன் கம்பெனியில் செக்கிங்குக்குப் போனவர்கள். லாட்டில் எவ்வளவு பழுது வரை ஏற்கலாம் என்று சொல்லும் ஏ.க்யூ.எல். 2.5 என்றால் என்னவென்று நமக்குச் சொல்லித்தருவார்கள்: 1,201 முதல் 3,200 பீஸ் வரை உள்ள லாட்டில் வழக்கமாக 125 பீஸ் எடுப்பார்கள், பழுது 7 வரை என்றால் பாஸ், 8 ஆனால் ரிஜெக்ட். கூறெடுப்பின் சாரமே அங்கே இருக்கிறது. 'ஏன் 7, ஏன் 10 இல்லை, 125-க்குப் பதில் 20 பீஸ் எடுத்தால் யாருக்கு நஷ்டம்' என்று கேட்டால் பைனாமியல் பரவலுக்கு வந்துவிடலாம். இப்படிப்பட்டவரை மடக்கை தெரியவில்லை என்று ஒரு செமஸ்டர் நிறுத்தி வைப்பது வீண்.

கேள்வித்தாளை ஆங்கிலத்தில் மட்டும் அடிப்பது

இரண்டு மொழியிலும் அடியுங்கள்.

போட்ட இடத்திலேயே பூட்டி வைப்பது

எவ்வளவு பார்த்துப் பிரித்தாலும் சிலர் தப்பான வகுப்பில் விழத்தான் செய்வார்கள். முதல் இன்டர்னலுக்கு முன்பே மாறிக்கொள்ள ஒரு தேதி குறித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். இன்டர்னல் மார்க் விழுந்த பிறகு மாற்றினால் அந்த மார்க்கை எங்கே சேர்ப்பது என்று தேர்வுக் கண்ட்ரோலர் ஆபீஸுக்கும் டிபார்ட்மென்ட்டுக்கும் இடையில் ஃபைல் ஓடிக்கொண்டே இருக்கும். பழைய வகுப்பு அட்டெண்டன்ஸ் புது வகுப்பில் செல்லும் என்று ஹெச்.ஓ.டி. கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். விட்டுப்போன பாடத்துக்கு நோட்ஸ் தருவது யார் என்பதையும் அதே தாளில் பெயரோடு போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பேருமே 'அந்த சார்கிட்டக் கேளு' என்பார்கள்.