சனிக்கிழமை காலை உங்கள் குதிரையைப் பார்க்கப் போகிறீர்களா?

பெங்களூரு டர்ஃப் கிளப்பில் பந்தயக் குதிரை வைத்திருப்பவர்கள் முதலில் செய்யவேண்டியது, முந்தின நாளே ட்ரெய்னரிடம் சொல்லிவிடுவது. பயிற்சி ஓட்டம் விடியற்காலையிலேயே தொடங்கிவிடும், எட்டு மணிக்கு மேல் சாவகாசமாகப் போனால் முக்கியமானதைப் பார்க்க முடியாது.

ஓட்டத்தைப் பார்க்கும்போது ஸ்டாப்வாட்ச் கையில் இருக்கட்டும். 600 மீட்டரை 45 வினாடியில் ஓடினால் நிதானமான ஓட்டம், 40க்குக் கீழே வந்தால் நல்ல வேகம். ஆனால் நேரத்தை மட்டும் நம்பாதீர்கள், ஜாக்கி அதட்டி ஓட்டினாரா, இல்லை குதிரை தானாகவே இழுத்துக்கொண்டு ஓடியதா என்று பாருங்கள், எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

அப்புறம் லாயத்துக்கு வாருங்கள். பின்பக்கமாகப் போகவே கூடாது, குரல் கொடுத்துக்கொண்டே தோள் பக்கமாக நெருங்குங்கள். குதிரையைப் பராமரிக்கும் குதிரைக்காரரிடம் அதைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, முன்னங்காலின் பின்புறம் முழங்காலுக்குக் கீழே கையால் மெதுவாகத் தடவிக்கொண்டே இறங்குங்கள், மற்ற காலிலும் அப்படியே. ஒன்றில் மட்டும் சூடோ வீக்கமோ தெரிந்தால் உடனே ட்ரெய்னரிடம் கேளுங்கள். தீவனத்தை மிச்சம் வைத்ததா என்று குதிரைக்காரரிடமும் கேளுங்கள், ராத்திரி பகலாகக் கூடவே இருப்பவர் அவர்தான்.

கேரட்கூட கேட்டுவிட்டுத்தான் கொடுக்கவேண்டும். சாக்லேட் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள தியோப்ரோமின் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிவிடும், ஜெயித்த ரேஸும் கைவிட்டுப் போகும்.