மிகுபுனைவு உலகில் ஓவியம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மன்னர் காலச் சாயலில் மிகுபுனைவு (ஃபேன்டசி) எழுத முனையும் இளைஞர்கள் சிலர், திருவல்லிக்கேணியில் ஒரு நண்பரின் மொட்டை மாடியில் மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கூடுகிறார்கள். அவர்களுடைய கையெழுத்துப் படிகளைப் படித்துத் திருத்தம் சொல்வது என் வேலை. சென்ற மாதம் வந்த ஐந்து படிகளில் நான்கில், கதைமாந்தர் அரண்மனைக்குள் நுழைந்ததும் "சுவரெங்கும் எழில்மிகு ஓவியங்கள் காணப்பட்டன" என்ற வரி, ஓரிரு சொற்கள் மட்டும் மாறி, இடம்பெற்றிருந்தது. பதினோரு ஆண்டுகளுக்கு முன் அதே வரியை நானும் எழுதினேன். அது என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைக் கீழே சொல்கிறேன். சோழர் சாயல் உலகில் மிளகாய் அரைப்பது போன்ற, காலத்துக்கு ஒவ்வாத வழுக்களை யார் வேண்டுமானாலும் சுட்டிக்காட்டிவிடுவார்கள் என்பதால், அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

கருங்கல் நிறத்தில் ஒரு நாடு

மாமல்லபுரத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் ஒரு நாள் போய்வந்து எழுத உட்காருகிறவர்கள், இன்று கண்ணில் படும் கல்லின் நிறத்தையே அன்றைய நிறமாக எடுத்துக்கொள்கிறார்கள். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய காஞ்சி கைலாசநாதர் கோயிலில், சுற்றாலையை ஒட்டிய சிற்றறைகளுக்குள் குனிந்து பார்த்தால், சுதைப் பூச்சும் அதன்மேல் தீட்டிய வண்ணமும் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். பிரான்சின் அமியான் பேராலயத்து முகப்பை 1990களில் தூய்மை செய்தபோது, வெறுங்கல் என்று நம்பப்பட்ட சிலைகளில் பழைய வண்ணத்தின் தடயங்கள் வெளிப்பட்டன. எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாம் பார்க்கும் செப்புத் திருமேனிகள்கூட, வீதியுலாவில் பட்டுக்கும் மாலைக்கும் நடுவே முகமும் கையும் மட்டும் தெரியும்படி எழுந்தருளியவையே. ஆகவே உங்கள் கதையின் தலைநகருக்கு முதலில் நிறம் கொடுங்கள். சாம்பல் நிறம் அந்நகரம் அழிந்து சில நூற்றாண்டுகள் கழித்து வரட்டும்.

வேலையும் விலையும் இல்லாத ஓவியம்

இதுதான் எனக்குப் பெரும் இழப்பைத் தந்த தவறு. இன்றும் யாராவது இதைச் செய்யக் கண்டால் எனக்குப் பொறுக்கவில்லை.

என் முதல் தொடர்கதையில் ஓவியன் ஒருவன், ஈரம் காயாத சுண்ணாம்புக் காரையின்மீது, ஒரே இரவில், தனியனாக, எவருக்கும் தெரியாமல் அரசியின் உருவத்தைத் தீட்டி முடிப்பான். அவளுடைய ஆடைக்கு மஞ்சள் கிழங்கை அரைத்த சாற்றைப் பயன்படுத்துவான். அந்த மஞ்சள் ஆடையே பதினோராம் அத்தியாயத்தில் துரோகியைக் காட்டிக்கொடுக்கும். தொடர் முடிந்து, நூலாக்கத்துக்குப் பக்கங்கள் கோத்து முடித்திருந்த வேளையில், மேற்கு மாம்பலத்திலிருந்து ஓர் அம்மையார் எழுதிய கடிதம் வந்தது. "மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் ஆரத்தி அல்லவா? உங்கள் அரசி சிவப்புப் புடவையில்தானே நிற்பாள்?" என்று அவர் கேட்டிருந்தார். கதை முழுவதும் அந்த நிறத்தின்மேல் நின்றதால், நான்கு அத்தியாயங்களைத் திரும்ப எழுத நேர்ந்தது; கோத்த பக்கங்கள் வீணாயின; அந்த ஆண்டுச் சனவரிப் புத்தகக் காட்சிக்கு நூல் வரவில்லை. ஒவ்வொரு நல்ல நாளிலும் வாசலில் ஆரத்தித் தட்டைப் பார்த்து வளர்ந்தவனுக்கு எழுதும்போது அது நினைவுக்கு வராததன் காரணம், ஓவியம் என்பதை ஒரு பொருளாகவே நான் எண்ணிப் பார்க்காததுதான்.

அதன்பின் நானே செய்து பார்த்தேன். நீற்றிய சுண்ணாம்பையும் சலித்த மணலையும் குழைத்து இரண்டு ஓடுகளில் விரல் கனத்துக்குப் பூசி, முதல் ஓட்டில் ஈரம் இருக்கும்போதே மஞ்சள் சாற்றையும், நீரில் கரைத்த செங்காவியையும், விளக்குப் புகைக்கரியையும் ஒவ்வொரு கோடாக இழுத்தேன். மஞ்சள், தூரிகையை எடுப்பதற்குள் குங்குமச் சிவப்பாயிற்று. காவி அசையாமல் நின்றது. இரண்டாவது ஓட்டை நன்றாகக் காயவிட்டு, அதே காவியை அதே நீரில் கரைத்துப் பூசினேன். ஒரு வாரம் கழித்து ஈரத்துணியால் துடைத்தபோது, முதல் ஓட்டின் காவி துணியில் ஒட்டவில்லை. இரண்டாவதன் காவி மாவாக வந்துவிட்டது.

காரணம் எளியது. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக்கொண்டு மெல்ல மெல்ல மீண்டும் சுண்ணாம்புக் கல்லாக இறுகுகிறது. ஈரமாக இருக்கையில் வைத்த வண்ணத்துகள்கள் அந்த இறுக்கத்துக்குள் அகப்பட்டுச் சுவரின் பகுதியாகிவிடுகின்றன. காய்ந்த சுவரில் தீட்ட வேண்டுமானால் பசையோ பிசினோ கலக்க வேண்டும். ஈரச் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்குபவை பெரும்பாலும் மண் வண்ணங்களும் கரியுமே என்பதால், பூவிலும் இலையிலும் எடுத்த சாயங்களைக் கொண்டு அங்கே வானவில் காட்டுவது இயலாத செயல்.

இதை அறிந்த பிறகு கதையே மாறிவிடும். ஈரம் உள்ளவரை எவ்வளவு தீட்ட முடியுமோ அவ்வளவு சுவருக்குத்தான் கொத்தர் அன்று காரை பூசுவார். எனவே ஓவியர் தனியாக இருக்க முடியாது. சாரத்தில் கொத்தர் இருப்பார், கீழே வண்ணம் அரைப்பவர் இருப்பார், சாந்து சுமப்பவர் இருப்பார். அத்தனை பேரும் அரசியின் முகம் எந்த நாளில் தீட்டப்பட்டது என்பதற்குச் சாட்சிகள். ஒரு நாள் பூச்சும் மறுநாள் பூச்சும் சேரும் இடத்தில் கூர்ந்து பார்ப்பவருக்கு ஒரு விளிம்பு தெரியும். தீட்டிய முகத்தை மாற்ற வேண்டுமானால் அந்த இடத்துக் காரையைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். அந்த ஒட்டு பிறகும் நிற்கும். துரோகியைக் காட்டிக்கொடுக்க எனக்கு மஞ்சள் ஆடை தேவைப்படவே இல்லை. முகத்தைச் சுற்றி ஓடும் அந்த விளிம்பு ஒன்றே போதுமாயிருந்தது. திருத்திய படியில் அப்படித்தான் எழுதினேன்.

விலையைப் பற்றியும் ஒன்று. என்னிடம் வரும் படிகளில் நீலம் தாராளமாக வழிகிறது. மண் வண்ணம் ஆற்றங்கரையிலும் மலைச்சரிவிலும் கிடைத்துவிடும். ஆழ்ந்த நீலம் அப்படிக் கிடைப்பதில்லை. அசந்தாவின் சுவர்களில் உள்ள நீலக்கல் (லாபிசு லசூலி), இன்றைய ஆப்கானித்தானத்தின் படக்சான் மலைகளிலிருந்து வந்தது. அதே மலையின் கல் இத்தாலிக்கும் சென்றது: புளோரன்சு நகரில் ஆதரவற்ற குழந்தைகளின் இல்லத்துக்காக ஓவியர் கிர்லாந்தாயோ தீட்டிய பலகை ஓவியத்தின் 1485ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில், நீலம் அவுன்சுக்கு ஏறத்தாழ 4 புளோரின் பொன் மதிப்புள்ளதாக இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். உங்கள் கதையில் ஒரு தெய்வத்தின் மேலாடை நீலமாக இருந்தால், அந்தக் கல் எந்தக் கணவாயைக் கடந்து வந்தது, போர் மூண்டு வழி அடைபட்டபோது ஓவியர் என்ன செய்தார், பொன் கொடுத்தவர் யார் என்ற மூன்று கேள்விகளுக்கு விடை உங்களிடம் இருக்க வேண்டும். அந்த விடை முழுவதையும் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டமிட்ட கித்தான் படம்

அரசனின் படுக்கையறையில் எண்ணெய் வண்ண உருவப்படம் தொங்குவது அடிக்கடி வரும் காட்சி. ஐரோப்பாவிலும் பல நூற்றாண்டுகள் மரப்பலகையே பெரிதும் பயன்பட்டது; கித்தான் பரவலானது பின்னால்தான். நம் மண்ணின் சாயலில் எழுதுவோருக்கு அதைவிடச் செழிப்பான பொருள் கையருகில் இருக்கிறது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவி ஆடும் மேடைக்கு மேலே ஓவிய விதானம் கட்டப்பட்டிருக்கிறது. கையால் ஓவியம் தீட்டும் கலங்காரித் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்துக் காயவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு வண்ணத்தைப் பிடிக்கும், பாலின் கொழுப்பு கோடு கசியாமல் காக்கும். இரும்புத் துருவையும் வெல்லத்தையும் பல நாள் ஊறவைத்து எடுத்த நீர், பானையில் வெளிறித் தெரிந்தாலும், அந்தத் துணியில் பட்டதும் கருத்துவிடுகிறது. ஒற்றர்களைப் பற்றி எழுதும் ஒருவருக்கு இந்த ஒரு செய்தியே ஓர் அத்தியாயத்துக்குப் போதும்.

தங்கத் தகடு பதித்த தஞ்சாவூர்ப் படம்

சோழர் சாயல் உலகில் வேண்டாம். அந்தப் பாணி நாயக்கர், மராட்டியர் காலத்தது.

நாட்காட்டித் தெய்வம்

தெய்வத்தின் முகத்தை எழுதும்போது நம் மனத்தில் வந்து நிற்பது பெரும்பாலும் இரவிவர்மா 1894இல் தொடங்கிய அச்சகத்தின் வழி வந்த முகம். அதை விலக்கிவிட்டுச் சுவரோவியத்தின் நீண்ட கண்களைப் பார்த்து எழுதுங்கள்.

ஓவியரின் கையொப்பம்

எழுதாதீர்கள்.

எவரும் பார்க்காத ஓவியம்

இரண்டாவதாக என்னை வருத்துவது இது. ஓவியத்தை எழுதுகிறார்கள், அதன் முன் நிற்கும் ஆட்களை எழுதுவதில்லை. பரிபாடலின் 19ஆம் பாடல் திருப்பரங்குன்றத்து எழுத்துநிலை மண்டபத்தைச் சொல்லும்போது, வண்ணத்தை வியந்து நேரத்தைக் கழிக்கவில்லை. வந்தவர்கள் ஒவ்வொன்றாகச் சுட்டிக் கேட்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்கிறார்கள்: இவள் இரதி, இவன் காமன், பூனையாக வந்த இந்திரன் இவன், இவள் அகலிகை, சினம்கொண்ட கவுதமன் இவன். படிக்கத் தெரியாதவருக்குக் கதை வந்து சேர்ந்த வழி அதுதான். சுட்டிக்காட்டுகிறவர் தவறாகச் சொன்னால் என்ன ஆகும், வேண்டுமென்றே மாற்றிச் சொன்னால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

எல்லா ஓவியமும் கூட்டத்துக்கு உரியதும் அல்ல. 1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலில், கருவறையைச் சுற்றிய இருண்ட உள்வழியில் சோழர் ஓவியங்கள் உள்ளன. வெள்ளை யானைமேல் சுந்தரரும் குதிரைமேல் சேரமான் பெருமாளும் கயிலைக்கு விரையும் காட்சி அங்கேதான் இருக்கிறது. பகலிலும் விளக்கு வேண்டும் இடம் அது. நாயக்கர் காலத்தில் அவற்றின்மேல் புதிய பூச்சும் புதிய ஓவியமும் ஏறின. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி, மேற்பூச்சு உதிர்ந்த இடத்தில் அடியிலிருந்த சோழர் வண்ணத்தைக் கண்டறிந்தார். அடுத்து, எழும்பூர் அருங்காட்சியகத்தில் வேதியியலாளராக இருந்த எஸ். பரமசிவன், அந்தப் பழைய அடுக்கை ஆராய்ந்து, ஈரச் சுதையின்மேல் தீட்டப்பட்டது என்று முடிவு கூறினார்.

எங்கள் மாடிக்கு வரும் மாணவி ஒருவரின் கதையில், நாட்டைக் கைப்பற்றிய புதிய அரசன் பழைய வம்சத்தின் ஓவியத்தை "அழித்தான்" என்று ஒரே சொல்லில் முடித்திருந்தார். தஞ்சைச் சுவரைப் பற்றிச் சொல்லி, அழிப்பதற்கும் மூடுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பேசினோம். புதுக் காரை பிடிக்க வேண்டுமானால் பழைய சுவரைக் கொத்திவிடும் வழக்கம் நம் கொத்தர்களிடம் இன்றும் உண்டு என்பதையும் சொன்னேன். அடுத்த கூட்டத்துக்கு அவர் கொண்டுவந்த படியில் சாரம் எழும்பியிருந்தது. இரண்டு கொத்தர்களும், சாந்து சுமக்கும் ஒரு சிறுவனும், பழைய அரசரிடம் கூலி வாங்கிய அதே முதிய ஓவியரும் வந்திருந்தார்கள். தன் கையால் தீட்டிய சுவரை மூட அவர் புதிய அரசனிடம் என்ன கூலி கேட்கிறார் என்ற பகுதி இன்னும் எழுதப்படவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை அதை எழுதிக் கொண்டுவரும்படி சொல்லியிருக்கிறேன்.