ஒரு ஏக்கர் சதுரக் காணியின் பக்கம் எத்தனை அடி? வகுத்தல் முறையில் வர்க்கமூலம்

ஓ.எல். (க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை) எடுக்கப்போகும் வன்னிப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கணிதத் தாளுக்குக் கல்குலேட்டர் கொண்டுபோக முடியாது, வர்க்கமூலத்தைக் கையால்தான் எடுக்க வேண்டும். காரணி பிரிக்கும் வழி நிறைவர்க்க எண்களுக்குத்தான் (ஒரு முழு எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் வருபவை) சுகம். வகுத்தல் முறை எந்த எண்ணுக்கும் சரிவரும், ஆகவே இதைக் கை பழகும் வரை செய்துபாருங்கள்.

முதலில் லேசான ஒன்று, 7056. வலப்பக்கத்திலிருந்து இரண்டிரண்டு இலக்கமாகச் சோடி பிரித்தால் 70, 56. 70-ஐத் தாண்டாத பெரிய வர்க்கம் 64, அதாவது 8 × 8. விடையில் 8 எழுதி, 64-ஐக் கழித்தால் மீதி 6. அடுத்த சோடியை அப்படியே கீழே இறக்குங்கள், 656 வரும். இனி விடையில் உள்ள 8-ஐ இரட்டித்து இடப்பக்கம் 16 என்று எழுதி, அதற்குப் பின்னால் ஒரு இலக்கத்துக்கு இடம் விடுங்கள். அந்த இடத்தில் ஒரு இலக்கத்தைப் போட்டு, வரும் எண்ணை அதே இலக்கத்தால் பெருக்க வேண்டும், 656-ஐத் தாண்டவும் கூடாது. 164 × 4 = 656. மீதி பூச்சியம், விடை 84.

ஏன் இரட்டிக்கிறோம் என்று கனபேர் கேட்பதே இல்லை, அதனால்தான் சோதனை நேரத்தில் மறந்துவிடுகிறது. 80 அடிச் சதுர வயல் ஒன்றின் அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் வரம்பை 4 அடி தள்ளிக் கட்டினால் என்ன கூடும்? 80 × 4 துண்டு இரண்டு, மூலையில் 4 × 4 துண்டு ஒன்று. துண்டு இரண்டு என்பதால் 80 இரட்டித்து 160 ஆகிறது, மூலையின் 4-உம் சேர 164, அதைத்தான் 4-ஆல் பெருக்கினோம்.

சரி, இப்போது ஏக்கருக்கு வருவோம். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. சோடிகள் 4, 35, 60. இலக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் இடது ஓரத்தில் ஒன்று தனியாக நிற்கும், அது பரவாயில்லை. முதல் இலக்கம் 2, மீதி 0. 35-ஐ இறக்கி, 2-ஐ இரட்டித்தால் 4. 41 × 1 கூட 35-ஐத் தாண்டுகிறதே! இங்கேதான் கவனம் வேண்டும்: விடையில் பூச்சியம் ஒன்று போட்டுத்தான் அடுத்த சோடியை இறக்க வேண்டும். அதை விட்டால் விடையே மாறிப்போகும். இப்போது விடை 20, கீழே 3560. 20-ஐ இரட்டித்தால் 40; 408 × 8 = 3264, மீதி 296. தசமப் புள்ளி வைத்து இரண்டு பூச்சியம் இறக்கினால் 29600. 208-இன் இரட்டை 416; 4167 × 7 = 29169, மீதி 431. இன்னொரு சோடிப் பூச்சியத்தோடு 43100, 41741 × 1. ஆக, ஒரு ஏக்கர் சதுரக் காணியின் பக்கம் அண்ணளவாக 208.71 அடி.

தசம எண் என்றால் சோடியைப் புள்ளியிலிருந்து இரண்டு பக்கமும் பிரியுங்கள். 2.5 என்பது 2, 50. அதை 25 என்று பார்த்து 0.5 என்றோ 5 என்றோ எழுதிவிடாதீர்கள், விடை 1.58 அளவில் வரும்.

முழு எண் நிறைவர்க்கமா என்று கேட்டால் உடனே வகுக்கத் தொடங்க வேண்டாம், முதலில் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். 2, 3, 7, 8 என்றால் நிச்சயம் இல்லை. கடைசியில் உள்ள பூச்சியங்கள் ஒற்றைப்படையில் இருந்தாலும் இல்லை, 43560 அப்படித்தான். ஆனால் இதில் தப்பிய எண்ணெல்லாம் நிறைவர்க்கம் ஆகிவிடாது (26-ஐப் பாருங்கள்), அதற்கு வகுத்துத்தான் முடிவு சொல்லலாம்.

43560-இலிருந்து எவ்வளவு கழித்தால் நிறைவர்க்கம் வரும் என்று கேட்டால், புள்ளி வைக்கமுன் வந்த மீதி 296-தான் விடை. எவ்வளவு கூட்ட வேண்டும் என்றால் அடுத்த எண் 209-ஐ வர்க்கித்து 43681, அதில் 43560 போக 121.