இயற்பியல், வானியல் ஆய்வுக்குத் தனியார் அறக்கட்டளையிடம் நிதி கோருவது எப்படி

விண்ணப்பத்தைத் தொடங்கும் முன் ஒரு கேள்விக்கு அரைப் பக்கத்தில் விடை எழுதிப் பாருங்கள்: இந்த ஆய்வுக்கு அரசு ஏன் பணம் தராது? அரசு அமைப்பு திருப்பி அனுப்பிய முன்மொழிவின் முகப்புப் பக்கத்தை மட்டும் மாற்றி அறக்கட்டளைக்கு அனுப்புவது பரவலான பழக்கம். அது பெரும்பாலும் முதல் வாசிப்பிலேயே ஒதுக்கப்பட்டுவிடும். அரசு நிதி மதிப்பீட்டுக் குழுக்களின் ஒப்புதலை நம்பி நகர்வதால், முன்தரவு உள்ள, தோற்கும் வாய்ப்பு குறைந்த திட்டங்களுக்கே எளிதில் கிடைக்கிறது. அறக்கட்டளையில் சில அறங்காவலர்கள் கூடி முடிவெடுத்துவிடலாம்; தோல்வியையும் அவர்களால் தாங்கிக்கொள்ள முடியும். ஆகவே அவர்களால் மட்டுமே செய்யக்கூடிய ஒன்றைத்தான் அவர்களிடம் கேட்க வேண்டும்.

இதற்கு நல்ல சான்று ஹவாய்த் தீவின் மௌனா கியா மலையில் நிற்கும் கெக் தொலைநோக்கிகள். 1948-ல் பயன்பாட்டுக்கு வந்த பாலோமார் தொலைநோக்கியின் 5 மீட்டர் ஆடி, ஒரே கண்ணாடியில் செய்தது. அதைவிட வெகுவாகப் பெரிய ஆடியை அப்படியே வார்த்தால் அது தன் எடையாலேயே வளையும் என்பதால், 36 அறுகோணத் துண்டுகளைச் சேர்த்து, கணினி அவற்றை இடைவிடாமல் சரிசெய்தபடியே 10 மீட்டர் ஆடியாக இயங்கவைக்கலாம் என்று வானியலாளர் ஜெர்ரி நெல்சன் முன்வைத்தார். அந்த அளவில் யாரும் செய்து பார்க்காத வழி அது. 1985-ல் கெக் அறக்கட்டளை 7 கோடி டாலர் தந்து அந்தத் துணிச்சலைத் தன் பொறுப்பில் ஏற்றது. இன்றும் அதன் ஆய்வு நிதிக்கான நிபந்தனைகளில், பொது நிதி அமைப்புகளின் வரம்புக்கு வெளியே திட்டம் அமைந்திருக்க வேண்டும் என்பது ஒன்று. எனவே முன்பே கிடைத்த மறுப்புக் கடிதத்தை மறைக்க வேண்டாம். "முன்தரவு போதாது" என்று மதிப்பீட்டாளர் எழுதியிருந்தால், அதுவே உங்கள் வாதத்துக்கு வலுவான ஆதாரம்.

அடுத்தது, சரியான கதவைத் தேடுவது. சைமன்ஸ் அறக்கட்டளை கணிதத்திலும் அடிப்படை அறிவியலிலும் ஊன்றி நிற்பது. ஸ்லோன் அறக்கட்டளை வானத்தையே அளவெடுக்கும் பெரும் கணக்கெடுப்புக்குத் துணைநின்றது. ஹெய்சிங்-சைமன்ஸ் அறக்கட்டளை புறக்கோள் (வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்) ஆய்வில் இறங்கும் இளம் ஆய்வாளர்களுக்கு '51 பெகாசி பி' என்ற நல்கையைத் தருகிறது. இணையதளத்தின் அழகான நோக்க வாசகங்களோடு நின்றுவிடாதீர்கள். அமெரிக்கத் தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் 990-பிஎஃப் என்ற வரிப் படிவம் பொதுவெளியில் கிடைக்கும். யாருக்கு, எவ்வளவு, எதற்காகக் கொடுத்தார்கள் என்ற பட்டியல் அதில் இருக்கும். நான்கைந்து ஆண்டுப் படிவங்களைப் புரட்டினால், உங்கள் துறைக்கு அவர்கள் தரும் தொகையின் உண்மையான அளவு தெரிந்துவிடும். அமெரிக்க நிறுவனங்களுக்கு மட்டுமே தருவோர் யார் என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்து விலக்கிவிடுங்கள், கெக் அத்தகையது.

முதல் கடிதத்துக்கு முன்மாதிரி வேண்டுமென்றால், இயற்பியலாளர் ஹோமி பாபா 1944 மார்ச் 12 அன்று சர் தோராப்ஜி டாட்டா அறக்கட்டளைக்கு எழுதியதைத் தேடிப் படியுங்கள். அடிப்படை இயற்பியலில் உயர்தர ஆய்வுப் பள்ளி ஒன்று நாட்டில் இல்லை என்ற குறையை அது நேரடியாகச் சொல்கிறது. இன்னும் இருபது ஆண்டுகளில் அணுவிலிருந்து மின்சாரம் எடுக்கும் காலம் வரும்போது வல்லுநர்களுக்காக அயல்நாட்டை எதிர்பார்க்க வேண்டியிருக்காது என்று பயனையும் கூறுகிறது. ஹிரோஷிமாவுக்கு ஓராண்டுக்கும் மேல் முன்னால் எழுதப்பட்டது என்பதை நினைத்தால் அந்தத் தொலைநோக்கு வியக்க வைக்கிறது. அடுத்த ஆண்டே டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது. உங்கள் கடிதமும் குறை, அதைத் தீர்க்கும் வழி, இதை ஏன் நீங்கள் செய்ய வேண்டும், ஏன் இவர்கள் உதவ வேண்டும் என்ற வரிசையில், துறைக்கு வெளியே உள்ள அறங்காவலரும் வாசிக்கும் மொழியில் இருக்கட்டும். சமன்பாடுகள் இணைப்பில் இருந்தால் போதும். கடிதம் அனுப்பும் முன் அறக்கட்டளையின் திட்ட அலுவலரிடம் பேச வாய்ப்பிருந்தால் தவறவிடாதீர்கள்.

செலவுத் திட்டத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். கருவிக்குப் பணம் கேட்பார்கள். அதைப் பத்தாண்டு இயக்கப்போகும் பொறியாளரின் சம்பளம், உணர்கருவியைக் குளிர்விக்கும் ஹீலியம், தரவைச் சேமிக்கும் கணினி ஆகியவற்றை விட்டுவிடுவார்கள். கொடையாளர் பெரும்பாலும் கட்டுமானத்துக்கே தருவார் என்பதால், இயக்கச் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். கட்டடம், மின்சாரம், நிர்வாகம் போன்ற நிறுவனத்தின் மறைமுகச் செலவுக்கு அறக்கட்டளைகள் அரசை விடக் குறைந்த விழுக்காடே தருவது வழக்கம். மீதியை உங்கள் நிறுவனம் ஏற்குமா என்று நிதி அலுவலரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பணம் மட்டும் போதாது என்பதற்கு, கெக் நிற்கும் அதே மலையில் கட்டத் திட்டமிட்ட முப்பது மீட்டர் தொலைநோக்கியே சாட்சி: மூர் அறக்கட்டளை 2007-ல் 20 கோடி டாலர் உறுதியளித்தும், மௌனா கியாவைப் புனிதமாகக் கருதும் ஹவாய்ப் பூர்வகுடிகளின் எதிர்ப்பால் கட்டுமானம் நின்றுபோனது. மண்ணின் மக்களோடு பேசுவதற்கான காலத்தையும் செலவையும் திட்டத்திலேயே சேர்ப்பது நேர்மையான செயல்.

இந்தியாவில் இருந்து விண்ணப்பிப்பவர்கள் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தை மறக்கக் கூடாது. அதன்கீழ்ப் பதிவு பெற்ற நிறுவனமும் முதலில் பணத்தை டெல்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கில்தான் பெற வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின் அதை வேறு அமைப்புக்கு மாற்றித் தரவும் முடியாது. ஆகவே இரண்டு கல்லூரிகள் சேர்ந்து செய்யும் ஆய்வு என்றால், ஒருவர் வாங்கிப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டை எழுதவே எழுதாதீர்கள்.

கடைசியாக, ஒப்பந்த வரைவில் மூன்று வரிகளைத் தேடுங்கள்: முடிவுகளை வெளியிடும் உரிமை முழுவதும் ஆய்வாளருடையதா, தரவு எப்போது பொதுவில் வைக்கப்படும், நிதி முடிந்தபின் கருவி யாருக்குச் சொந்தம். பெயர்ப்பலகை பற்றிய பேச்சில் தாராளமாக இருக்கலாம். வெளியீட்டு உரிமையில் விட்டுக்கொடுக்கவே கூடாது. இந்த நிதி முடிந்தபின் அடுத்து யாரிடம் போவீர்கள் என்பதையும் முன்மொழிவிலேயே எழுதிவிடுங்கள். சிலியின் அடகாமா பாலைவனத்தில், சுமார் 5,200 மீட்டர் உயரத்தில், அண்டத்தின் நுண்ணலைப் பின்னணியை (பெருவெடிப்பின் எச்சமான ஒளியை) அளக்கும் சைமன்ஸ் ஆய்வகம் 2016-ல் அறிவிக்கப்பட்டபோது கையிலிருந்தது பெரும்பாலும் தனியார் கொடையான சுமார் 4 கோடி டாலர். அதன் விரிவாக்கத்துக்கு தேசிய அறிவியல் அறக்கட்டளை என்ற அமெரிக்க அரசு அமைப்பின் பணம் 2023-ல் வந்து சேர்ந்தது.