மிலாறு கரி போட்டால் கீரைக்கு நல்லது

நுவரெலியாப் பக்கம் வருடக்கணக்கில் பொஸ்பேட் உரம் போட்ட மரக்கறித் தோட்டங்களில் கட்மியம் என்ற நச்சு உலோகம் சேர்ந்திருக்கலாம். மண் புளித்திருந்தால் (அமிலத்தன்மை கூடியிருந்தால்) அது வேரில் சுலபமாக ஏறி, கீரை, சலாது இலைகளில் அதிகம் தங்கும். இதைக் குறைக்க மிலாறு கரி உதவும். காய்ந்த மிலாறை, அதாவது தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் குச்சிகளை, கூம்பு வடிவக் குழியில் கொஞ்சங்கொஞ்சமாகப் போட்டு எரித்து, சாம்பலாகும் முன் தண்ணீர் ஊற்றி அணையுங்கள். ஈரத்தோடே நொறுக்குங்கள், கரித்தூசு நெஞ்சுக்கு ஆகாது. அப்புறம் மாட்டெருவில் இரண்டு வாரம் ஊறவிட்டு, சதுர மீட்டருக்கு 1 முதல் 2 கிலோ, 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கொத்திக் கலக்குங்கள். கரி புளிப்பைக் குறைத்து, கட்மியத்தையும் ஈயத்தையும் பிடித்து வைக்கும், மண்ணைவிட்டு அகற்றாது. ஆசனிக் என்ற நஞ்சு உள்ள மண்ணில் மட்டும் வேண்டாம், சில நேரம் அதை இளக்கிவிடும். பெயின்ட் அடித்த பலகையைத் தயவுசெய்து எரிக்காதீர்கள்.