பாரிஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: கையில் இருக்கும் காசில் நகரத்தைப் பார்ப்பது

பாரிஸில் பத்து வருடம் இருந்தும் லூவ்ர் அருங்காட்சியக வாசலைத் தாண்டாத தமிழர்கள் நிறையப் பேர். அறை, உணவக அடுப்படி, தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பல் என்ற மூன்றுக்கும் இடையே மெத்ரோவில் ஓடியே காலம் போய்விடுகிறது. கேட்டால், "அதெல்லாம் காசுள்ளவன் பார்க்கிற இடம்" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் நிலைமை நேர்மாறானது. இந்நகரத்தில் அதிகம் காசு கொட்டுபவர் நான்கு நாள் சுற்றுலாவுக்கு வருபவர். இங்கேயே குடியிருப்பவருக்கு, அதிலும் வருமானம் குறைந்தவருக்கு, நகரத்தின் பெரும்பகுதி இலவசம் அல்லது ஏற்கெனவே பணம் கட்டி முடித்தது.

பணம் கட்டி முடித்தது என்று நான் சொல்வது உங்கள் சட்டைப்பையில் இருக்கும் நாவிகோ என்ற போக்குவரத்து பாஸ் அட்டையை.

2025 ஜனவரியில் மெத்ரோ, ரயில் டிக்கெட் ஒன்று 2.50 யூரோ ஆனது. பஸ், டிராம் டிக்கெட் 2 யூரோ. மாதாந்த நாவிகோ 88.80 யூரோ. அதன் பிறகும் ஆண்டுதோறும் ஜனவரியில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது, ஆனால் விகிதம் மாறுவதில்லை. முப்பத்தாறு தடவை மெத்ரோவில் ஏறினால் மாத பாஸுக்குக் கொடுத்த காசு வந்துவிடும். சம்பளப் பத்திரத்தோடு வேலை செய்பவராக இருந்தால் அந்தத் தொகையில் பாதியை முதலாளி திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். அது முதலாளி செய்யும் உதவியல்ல, உங்கள் உரிமை. பாஸ் வாங்கிய பற்றுச்சீட்டைக் கொடுத்துக் கேளுங்கள். கூச்சப்பட்டால் மாதம் நாற்பத்து நான்கு யூரோ நட்டம். முறையான விசா இல்லாமல் அரச மருத்துவ உதவி அட்டை மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் போக்குவரத்துக் கட்டணத்தில் பாதி சலுகை உண்டு. 'சொலிதாரித்தே திரான்ஸ்போர்' என்ற பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். தெரியாமலே முழுக் கட்டணம் செலுத்திக்கொண்டிருப்பவர்கள் அதிகம்.

ஒரு விடயத்தைக் கவனியுங்கள். மாத பாஸ் ஒவ்வொரு மாதமும் முதலாம் தேதியில் தொடங்கி மாத முடிவில் முடியும். வார பாஸ் திங்களில் தொடங்கி ஞாயிறு இரவு முடியும். வெள்ளிக்கிழமை வந்திறங்கும் உறவினருக்கு வார பாஸ் எடுப்பது வீண் செலவு. திங்கள், செவ்வாயில் வருபவருக்கு அதைவிட மலிவானது இல்லை. ஏனென்றால், எல்லாக் கட்டண வலயங்களுக்குமான வார பாஸில் விமான நிலையப் பயணமும் அடங்கும். தனியாக எடுத்தால் சார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்து வரும் ரயில் டிக்கெட்டுக்கு மட்டும் 2025இல் 13 யூரோ. பாஸும் இல்லை, அவசரமும் இல்லை என்றால் 350ஆம் இலக்க பஸ் இருக்கிறது. சாதாரண பஸ் டிக்கெட்டில் போர்த் து லா சப்பல் வரை கொண்டுவந்து விடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். இரண்டு பெரிய பெட்டிகளோடு ஏறினால் முகம் சுளிப்பார்கள், அவ்வளவுதான்.

கார் து நோர் நிலையத்தில் டிக்கெட் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, "நான் எடுத்துத் தருகிறேன்" என்று வருபவரிடம் ஒருபோதும் டிக்கெட் வாங்க வேண்டாம். அவர் தருவது செல்லாத டிக்கெட்டாகவோ சிறுவர் டிக்கெட்டாகவோ இருக்கும்; பரிசோதகரிடம் அபராதம் கட்டப்போவது நீங்கள். பாஸ் இருந்தாலும் ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறியவுடன் இயந்திரத்தில் வைத்து எடுக்க வேண்டும்.

இனி அந்த அட்டையை வைத்து என்ன பார்க்கலாம் என்று பார்ப்போம். மேல்மாடி திறந்த சுற்றுலா பஸ்களை மறந்துவிடுங்கள். 69ஆம் இலக்க பஸ் ஈபிள் கோபுரத்தடியில் புறப்பட்டு லூவ்ர், பஸ்தீய் வழியாகப் பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டிக் கம்பெத்தா வரை போகிறது. ஜன்னலோர இருக்கை கிடைத்தால் அரை நகரத்தைப் பார்த்துவிட்டீர்கள். மெத்ரோ 6ஆம் தடத்தில் நாசியோன் திசையில் பயணம் செய்யும்போது பாசி நிலையம் கழிந்ததும் வண்டி சேன் ஆற்றைப் பாலத்தின் மேல் கடக்கும். அப்போது இடப்பக்கம் பாருங்கள், கோபுரம் முழுதாகத் தெரியும். மேலே ஏற வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் மின்தூக்கியை விடப் படிக்கட்டு டிக்கெட் மலிவு. என்னைக் கேட்டால், கோபுரத்தின் உச்சியிலிருந்து பார்க்கும் பாரிஸில் இல்லாத ஒரே கட்டடம் அந்தக் கோபுரம்தான். பெல்வில் பூங்காவின் மேட்டிலிருந்து பார்த்தால் அதுவும் சேர்ந்து தெரியும், காசும் இல்லை.

2015 செப்டம்பரிலிருந்து மாத நாவிகோவுக்கு வலயக் கணக்கு கிடையாது. ஒரே விலையில் இல் து பிரான்ஸ் மாநிலம் முழுவதும் போகலாம். இதைப் பலர் வேலைத்தளத்துக்குப் போய்வருவதற்கு மேல் பயன்படுத்துவதே இல்லை. கார் து லியோன் நிலையத்தில் ஏறினால் சுமார் நாற்பது நிமிடத்தில் அரண்மனையும் காடும் உள்ள ஃபொந்தேன்புளோ. அரண்மனைக்கு டிக்கெட் எடுக்காவிட்டாலும் காடு யாருடைய அனுமதியும் கேட்காது. கார் து லெஸ்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் ப்ரோவேன், இடைக்காலக் கோட்டை மதில்கள் அப்படியே நிற்கும் ஊர். 2001இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஓவியர் வான் கோ 1890இல் இறந்து புதைக்கப்பட்ட ஓவேர் சூர் உவாஸ் கிராமமும் இதே அட்டைக்குள் வருகிறது. வெர்சாய்க்கு ஆர்.ஈ.ஆர். என்ற புறநகர் ரயிலின் சி தடம் போகிறது. அங்கே அரண்மனைக்குத்தான் பெரிய கட்டணம். பின்னால் இருக்கும் பெரும் பூங்காவுக்கு இல்லை. நீரூற்று நிகழ்ச்சியோ இசைத் தோட்ட நிகழ்ச்சியோ உள்ள நாட்களில் அரண்மனையை ஒட்டிய தோட்டத்துக்குக் காசு கேட்பார்கள். நவம்பர் முதல் மார்ச் வரை மாதத்தின் முதல் ஞாயிறு அரண்மனையே இலவசம். புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு போய்க் கால்வாய்க் கரையில் உட்கார்ந்து சாப்பிட்டால் யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை.

அருங்காட்சியகங்கள் விடயத்தில் கிழமைதான் முக்கியம். உணவகத்தில் வேலை செய்பவர்களுக்குப் பெரும்பாலும் திங்கள் விடுமுறை. ஆனால், பாரிஸ் மாநகரத்துக்குச் சொந்தமான அருங்காட்சியகங்கள் அன்றுதான் மூடியிருக்கும், ஓர்சே அருங்காட்சியகமும் அப்படியே. லூவ்ர், ஒராஞ்சரி, ஆசியக் கலைக்கான கீமே ஆகியவற்றுக்கு விடுமுறை செவ்வாய். ஆகவே திங்கள் விடுமுறைக்காரர்கள் இந்த மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். வேறு நாள் கிடைத்தால் மாநகர அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிகள் வருடம் முழுவதும் இலவசம். 1900ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்ட பெத்தி பலே, நகரத்தின் வரலாற்றைச் சொல்லும் கார்னவாலே, விக்டர் ஹியூகோ வாழ்ந்த வீடு எல்லாம் இதில் அடக்கம். இவற்றில் ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருந்தால் கார்னவாலேக்குப் போங்கள். தெருப் பெயர்ப்பலகையாக மட்டும் நீங்கள் அறிந்த பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் கதை அங்கே விளங்கும்.

ஓர்சே, ஒராஞ்சரி, கீமே ஆகியவை மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம். முதல் இரண்டுக்கும் இணையத்தில் முன்கூட்டியே நேரம் பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். கீமேயைத் தமிழர்கள் தவறவிடக் கூடாது. சோழர் கால வெண்கலங்களும் பதினோராம் நூற்றாண்டு நடராசரும் அங்கே இருக்கிறார்கள். கோயிலில் பட்டும் மாலையும் மறைத்துவிடும் உடலின் வளைவை இங்கே முழுமையாகப் பார்க்கலாம். அவர் எப்படி இங்கே வந்தார் என்ற கேள்வி எழும், எழட்டும்.

லூவ்ர் 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் 32 யூரோ வாங்குகிறது. இங்கே வதிபவர்களுக்கு 22 யூரோ. பிரித்தானியக் கடவுச்சீட்டோடு லண்டனிலிருந்து வரும் மாமாவுக்கு 32. வதிவிட அட்டையோடு பக்கத்தில் நிற்கும் உங்களுக்கு 22. அவருடைய பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. இங்கே வதிவிட அட்டையோடு இருக்கும் 26 வயதுக்குட்பட்டவர்களுக்கும் இலவசம். வேலை தேடுபவராகப் பதிந்தவர்கள் அந்தப் பத்திரத்தைக் காட்டி உள்ளே போகலாம். எதுவும் இல்லை என்றால் மாதத்தின் முதல் வெள்ளி மாலை ஆறு மணிக்கு மேல் எல்லோருக்கும் இலவசம், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மட்டும் கிடையாது. இதற்கும் முன்பதிவு வேண்டும். நோத்ர் தாம் தேவாலயம் 2024 டிசம்பரில் மறுபடி திறந்தது; உள்ளே போகக் கட்டணம் இல்லை. அதற்கு டிக்கெட் விற்பதாக யாராவது சொன்னால் ஏமாற்று.

சாப்பாட்டில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். காப்பிக்கடையில் ஒரே காப்பிக்கு நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் இன்னொரு விலை. விலைப்பட்டியலை மாட்டி வைக்க வேண்டும் என்பது விதி, வாசித்துவிட்டு உட்காருங்கள். உணவகத்தில் சாப்பிடும்போது 'காராஃப் தோ' என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தர வேண்டும். 'தண்ணீர்' என்று மட்டும் சொன்னால் போத்தல் வரும், அதற்குக் காசு. சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கியிருக்கிறது. சில்லறை விட்டு வருவது உங்கள் விருப்பம். தெருவில் பச்சை நிறத்தில் நிற்கும் வாலஸ் நீரூற்றுகள் 1872 முதல் இருக்கின்றன, தாராளமாகக் குடிக்கலாம். நடைபாதையில் நிற்கும் தானியங்கிக் கழிப்பறைகளும் இலவசமே. சர்க்கரை நோயுள்ள அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு திரிபவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மரக்கறிக்குப் பார்பெஸ் சந்தை. மெத்ரோ 2ஆம் தடம் மேலே ஓட, அதன் கீழே புதனும் சனியும் கூடும். மதியம் கடந்து கடையைக் கட்டும் நேரத்தில் பெட்டியோடு அள்ளிக் கொடுப்பார்கள். கைப்பையை முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அகதி விண்ணப்பதாரருக்கு அரசு தரும் அட்டையில் 2019 இறுதியிலிருந்து காசாக எடுக்க முடியாது. இந்தச் சந்தையிலோ பல கடைகள் காசை மட்டுமே வாங்கும். அவர்களுக்குச் சந்தை மலிவு பயன்படுவதில்லை, பல்பொருள் அங்காடிதான் கதி. இந்த ஏற்பாட்டை யோசித்தவர் ஒரு கிலோ தக்காளி வாங்கியிருக்க மாட்டார்.

லாச்சப்பல் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அங்கும் இரண்டு தெரு தள்ளிப் போகாதவர்களே அதிகம். மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கும் பஜோல் தெருவிலிருந்து சில நிமிடம் நடந்தால் பழைய ரயில்வே கூடத்தைச் சீரமைத்துக் கட்டிய 'அல் பஜோல்' வரும். அதற்குள் மாநகர நூலகம் ஒன்று இருக்கிறது. உறுப்பினராக இலவசம், புத்தகம் எடுக்கவும் இலவசம், குளிர்காலத்தில் சூடாக இருக்கும். அறையில் நான்கு பேரோடு இருந்து பிரெஞ்சு படிக்க முடியாதவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கும் தேர்த்திருவிழாவுக்குச் சாப்பாட்டுச் செலவே வராது. தெரு நெடுகத் தண்ணீர்ப் பந்தலும் அன்னதானமும் இருக்கும். தேங்காய் உடைக்கும் பக்கம் மட்டும் நல்ல சப்பாத்தோடு போங்கள்.

சாக்ரே கேர் தேவாலயப் படிக்கட்டில் கையில் நூல் கட்ட வருபவர்களும், ஈபிள் கோபுரத்தடியில் மூன்று கிண்ணம் உருட்டும் சூதாட்டக்காரர்களும் கூட்டாக வேலை செய்பவர்கள். சுற்றி நின்று வெல்பவரும் அவர்களுடைய ஆள்தான். கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு நடந்துவிடுங்கள்.

கோடையில் வருபவர்களுக்கு ஒன்று. நூறு வருடத்துக்கு மேல் தடையிலிருந்த சேன் ஆற்றில் 2025 ஜூலையிலிருந்து மூன்று இடங்களில் குளிக்க விடுகிறார்கள், கட்டணம் இல்லை. மழை பெய்த மறுநாள் தண்ணீரின் தரத்தைப் பார்த்து மூடிவிடுவார்கள். கொடியின் நிறத்தைப் பார்த்துவிட்டு இறங்கவும்.

ஊரிலிருந்து பெற்றோரை அழைக்க நினைப்பவர்கள் வீட்டில் தங்க வைப்பதானால் மேரியில் (நகரசபை அலுவலகத்தில்) வரவேற்புப் பத்திரம் எடுக்க வேண்டும். அதற்கு 30 யூரோ முத்திரை. மறுத்தாலும் திரும்ப வராது. வதிவிட அட்டை, வாடகைப் பத்திரம், வருமானச் சான்று கேட்பார்கள். வீட்டில் இடம் போதுமா என்றும் பார்ப்பார்கள், ஆகவே பகிர்ந்து வாழும் அறையை வைத்து முயன்று 30 யூரோவை இழக்க வேண்டாம். அப்படிப்பட்டவர்கள் தங்குமிடம் பதிவு செய்த பத்திரத்தை விசா விண்ணப்பத்தோடு வைத்தால் மேரிப் பத்திரம் தேவையில்லை. மேலே சொன்ன அல் பஜோலிலேயே ஓர் இளைஞர் விடுதியும் உண்டு. கோயிலும் கடைகளும் நடந்து போகும் தூரத்தில் இருப்பதால் பெற்றோருக்கு அந்தப் பக்கம் வசதி.